கல் வைக்காத சக்கரம்

ஆலைக்குள் போடப்பட்டிருந்த தார்ச்சாலை, பின்மூலைக் கிணற்றிலிருந்து ஆபீஸ் கட்டடம் வரையில் சமமாகவே வந்து, கட்டடத்தை நெருங்கும்போது மட்டும் திடீரென்று மேடேறிற்று. அந்த மேட்டில்தான் ஒவ்வொரு நடைக்கும் கெங்கம்மாளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வண்டியின் இரும்புப் பிடியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் முன்னால் இழுத்தாள். பின்னால் ஞானம்மா, இரண்டு தண்ணீர்ப் பீப்பாய்களுக்கும் இடையில் தோளைக் கொடுத்து முட்டினாள். இடப்பக்கச் சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை உள்வாக்கில் சாய்ந்து, வண்டியின் தகர விலாவை உராய்ந்து, தொண்டையில் முள் சிக்கிய ஆட்டைப் போலக் கத்தியது.

"யக்கா, சாயுது."

"சாஞ்சா சாயட்டும், நீ இழு. பாதியில நின்னா அப்புறம் ஏசப்பாவே வந்து தள்ளினாலும் ஏறாது."

ஏறிவிட்டது. மேட்டின் உச்சியில் பிடியை விட்டுவிட்டு இருவரும் சாலையோரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். வண்டி, விட்டது விட்டபடி சரிவிலேயே நின்றது. சரிவில் நிறுத்துகிற எந்த வண்டிக்கும் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைக் கொடுப்பது வழக்கம். இந்த வண்டிக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. தேய்ந்த சக்கரங்கள் அச்சைக் கவ்விக்கொண்டு, யாராவது தள்ளும் வரையில் அசையாமல் கிடக்கும். பின்பக்க ஷெட்டில் இரும்புக் கழிவை அள்ளுவதற்கு இதே போன்ற வண்டியொன்றை மாமியாரோடு சேர்ந்து தள்ளுகிற சின்னப்பொண்ணு, இந்த வழியாகப் போகும்போதெல்லாம் சிரிப்பாள். "ரெண்டு வண்டியும் ஒரே வயித்துல பொறந்ததுங்க யக்கா. எங்களுதும் அப்டித்தான், எங்க மாமியா மாதிரி குந்தின எடத்த விட்டு ஏந்திரிக்காது" என்பாள். அவளுடைய மாமியார் செல்லியம்மாள் அதைக் காதில் வாங்காதவளைப் போல வெற்றிலையைத் துப்புவாள்.

எழுபத்தைந்தாம் ஆண்டுக் கோடை அது. முந்திய ஆண்டு மழை பொய்த்திருந்தது. கும்மிடிப்பூண்டியில் கம்பி இழுக்கும் அந்த ஆலை இரண்டாவது ஷெட்டைக் கட்டி முடித்திருந்தது. ஆனி மாதத்தில் திறப்புவிழா என்று பேச்சு. விழாவுக்கு வருகிறவர்களின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று, வாசலிலிருந்து ஆபீஸ் வரையில் சாலையின் இருபுறமும் மயில்கொன்றைக் கன்றுகளும் புங்கங்கன்றுகளும் நட்டிருந்தார்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தது. ஊற்றினால் கன்று கருகியது. ஆகவே ஆலைக்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்துவந்த பழைய வயற்கிணற்றிலிருந்துதான் நல்ல தண்ணீர் வர வேண்டியிருந்தது. அந்த வயலில் ஞானம்மா நாற்று நட்டிருக்கிறாள். இப்போது அதே கிணற்றில் வாளியை விட்டுச் சேந்தினாள்.

தோட்ட வேலையையும் கழிவு அள்ளும் வேலையையும் ஆலை நேரடியாகச் செய்யவில்லை; காண்ட்ராக்டரிடம் விட்டிருந்தது. காண்ட்ராக்டர் சென்னையில் இருந்தார். இங்கே அவருக்காக ஆட்களை வைப்பதும் நிறுத்துவதும் மேஸ்திரி வீரராகவன். நெற்றியில் ஒற்றைத் திருமண்ணும் கையில் குடையுமாக அவர் அன்று மேட்டில் ஏறி வந்தபோது, கெங்கம்மாள் எழுந்து நின்றாள்.

"மேஸ்திரி, சக்கரம் இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது. பட்டறையில ஒரு வார்த்த சொல்லி…"

"சொல்லாமயா இருப்பேன்? கம்பெனி பட்டறையில இன்னா சொல்றான், தோட்டம் காண்ட்ராக்டு வேல, வண்டிய காண்ட்ராக்டர் பாக்கட்டும்ன்றான். காண்ட்ராக்டர் இன்னா சொல்றாரு, வண்டி கம்பெனி வண்டி, கம்பெனி பாக்கட்டும்ன்றாரு."

"அப்ப நாங்க?"

"நீங்க தண்ணி ஊத்துங்க."

ஞானம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "சக்கரம் பூட்டுச்சுன்னா மேஸ்திரி?"

"பூட்டுச்சுன்னா தலையில தூக்குங்க. இந்தாம்மே, நான் கத்தறவன் இல்ல, உங்களுக்கே தெரியும். செடி காஞ்சா உங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டேன். வேற ரெண்டு பேர வெச்சிக்கினு போய்க்கினே இருப்பேன். கேட்டாண்ட வந்து பாரு, தெனம் எத்தினி பேரு குந்திகினு கீறாங்கன்னு."

அவர் சொன்னது பொய்யில்லை. அப்படிக் குந்தியிருக்கிறவர்களில் ஒருவன் கெங்கம்மாளின் புருஷன் கலியன்.

கலியன் இதே ஆலையில் கம்பிச்சுருள் ஏற்றும் ஆளாக இருந்தவன். தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஆறு பேர் சேர்ந்து சுருளைத் தூக்கி லாரியில் வைப்பார்கள். போன வருஷம் சென்னையிலிருந்து நான்கு சக்கர டிராலி ஒன்று வந்து இறங்கியது. ஆறு பேருக்கும் அன்றைக்குத் தீபாவளி. தங்கள் தோளுக்கு விடிவு வந்துவிட்டதென்று அவர்களே காசு சேர்த்துக் கற்பூரம் வாங்கினார்கள். டிராலிக்குக் குங்குமம் வைத்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தைத் தன் கையாலேயே வைத்தவன் கலியன். பழம் நசுங்கியபோது கைதட்டினார்கள். மாதம் திரும்புவதற்குள் ஆறு பேர் இரண்டு பேரானார்கள். அந்த இருவரில் கலியன் இல்லை. அன்றுமுதல் ஒருநாள் உப்பளம், ஒருநாள் செங்கல் சூளை, பல நாள் வெறுங்கை. கெங்கம்மாள் தண்ணீர் ஊற்றினால்தான் வீட்டில் உலை கொதித்தது.

ஞானம்மாவுக்கு அந்த ஒருநாள் கூலிக் கணக்கும் கிடையாது. புருஷன் செத்துப் பல வருஷமாயிற்று. பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை வீட்டில் கிடத்திவிட்டு, விடியும் முன்பே கஞ்சி ஊட்டிவிட்டு வருகிறவள். கேட்டால், "அது படுத்துகினு திட்டும், நான் நின்னுகினு திட்டுவேன், போவுது பொழுது" என்று சிரிப்பாள்.

அந்த வாரம் முழுவதும் கெங்கம்மாள் சக்கரத்தின் சத்தத்தையே காதில் வைத்துக்கொண்டு நடந்தாள். சத்தம் பெருத்தால் பயந்தாள். சத்தம் நின்றால் இன்னும் பயந்தாள். கடையாணி தெறித்த இடத்தில் வளைத்துச் செருகியிருந்த ஆணி, நடைக்கு நடை நழுவி வெளியே வந்தது. கல்லால் தட்டி உள்ளே தள்ளினாள். சட்டியில் கொஞ்சம் விளக்கெண்ணெய் கொண்டுவந்து அச்சு நுழைகிற நடுக்குடத்தில் ஊற்றிப் பார்த்தாள். எண்ணெய் கறுப்பாக ஒழுகித் தார்ச்சாலையில் கோடு போட்டதே தவிர, வண்டி இளகி ஓடவில்லை. வெள்ளிக்கிழமையன்று மேட்டின் பாதியில் சக்கரம் முழுவதுமாகச் சாய்ந்து, பீப்பாய் ஒன்று உருண்டு, தண்ணீரெல்லாம் சாலையில் ஓடியது. இருவரும் நனைந்த சேலையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசலுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு புங்கங்கன்றுகளின் இலைகள் ஏற்கெனவே சுருண்டுவிட்டிருந்தன.

"எங்க சாலமோன் கிட்ட குடுத்துப் பாக்கலாமாடீ?" என்றாள் ஞானம்மா.

சாலமோன் அவளுடைய அக்காள் மகன். பஜாரில் ரயிலடிக்குப் போகிற வழியில் இருந்த லேத்துப் பட்டறையில் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. சாவி அவனிடம் இருக்கும்.

"கேட்டுல உடுவாங்களா யக்கா? கம்பெனி சாமான வெளிய எடுத்துகினு போனா திருட்டுன்னு சொல்லிடுவாங்க."

"சடையப்பன்கிட்ட நான் பேசிக்கறேன்."

சனிக்கிழமை மாலை, வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அச்சோடு சக்கரங்களைக் கழற்றினார்கள். வாட்ச்மேன் சடையப்பன், ஞானம்மாவின் தலையில் இருந்த இரண்டு சக்கரங்களையும் கெங்கம்மாளின் கையில் இருந்த அச்சையும் மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னாம்மே இது?"

"தங்கம்."

"இத்தத் திருடறவனுக்கு நாமதான் டப்பு குடுக்கணும். போ, போ. திங்கக்கெழம சைரனுக்கு முந்தி இங்க இருக்கணும். இல்லன்னா என் தோல உரிச்சிடுவானுங்க."

மறுநாள், கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாலமோன் சக்கரத்தைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தான். நடுக்குடத்தின் துளை வட்டமாக இருந்திருக்க வேண்டும். முட்டையைப் போல நீண்டிருந்தது. அச்சின் இரு முனைகளும் அடிப்பக்கத்தில் மட்டும் கரும்பைக் கடித்ததைப் போலத் தேய்ந்திருந்தன.

"இத்த வெச்சிக்கினா சின்னம்மா இத்தினி நாளு இழுத்தீங்க? இது உருளல, நீங்க தேச்சிகினு போயிருக்கீங்க."

அச்சைத் திருப்பிப் போட்டு, தேயாத பக்கம் கீழே வரும்படி வைத்தான். கோணலாகிவிட்ட துளைகளை லேத்தில் கடைந்து வட்டமாக்கினான். கழிவுக் குவியலிலிருந்து ஒரு குழாய்த்துண்டைத் தேடியெடுத்து, அளவுக்குக் கடைந்து, இரண்டு குடங்களிலும் அச்சு சுற்றும் உள்வளையமாக, புதிய புஷ்ஷாக அடித்து இறக்கினான். விட்டுப்போயிருந்த ஆரக்கால்களைப் பற்றவைத்தான். கடையாணிகளைப் புதிதாக வெட்டினான். பகல் சாய்ந்தபோது கிரீஸைப் பூசி, சக்கரத்தை அச்சில் மாட்டி, விரலால் ஒரு தட்டுத் தட்டினான். அது சத்தமே இல்லாமல் சுற்றியது. நிற்கும் என்று பார்த்தார்கள், நிற்கவில்லை. கூடூர் பாசஞ்சர் ஸ்டேஷனுக்குள் வந்து, நின்று, கிளம்பிப் போன பிறகும் அது மெல்லச் சுற்றிக்கொண்டிருந்ததாக ஞானம்மா பின்னால் எல்லாரிடமும் சொன்னாள்.

"கூலின்னு எதனா…" என்று கெங்கம்மாள் தயங்கினாள்.

"சின்னம்மாவுக்குச் செய்யறதுக்குக் கூலியா? மீன் கொழம்பு வெச்சா ஒரு கிண்ணம் அனுப்புங்க, போதும்."

திங்கட்கிழமை காலை வண்டி ஓடிய ஓட்டத்தை இருவராலும் நம்ப முடியவில்லை. பீப்பாய்கள் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தும், கெங்கம்மாள் பிடியைத் தொட்டதுமே வண்டி அவளுக்குப் பின்னால் நாய்க்குட்டியைப் போல வந்தது. மேட்டில்கூட ஞானம்மா உள்ளங்கையை வைத்ததோடு சரி. பத்து மணிக்குள் வாசல் வரையில் எல்லாக் கன்றுகளுக்கும் தண்ணீர் வார்த்தாகிவிட்டது. சுருண்டிருந்த புங்கங்கன்றுகளுக்கு இன்னொரு வாளி கூடவே கிடைத்தது.

"யக்கா, இடுப்புன்னு ஒண்ணு எனக்கு இருக்கறதே இன்னிக்கித்தான் தெரியல" என்றாள் கெங்கம்மாள்.

சின்னப்பொண்ணு பின்ஷெட்டிலிருந்து ஓடி வந்தாள். தானே பிடியைப் பிடித்து நாலு அடி இழுத்துப் பார்த்தாள். கண்ணை அகல விரித்தாள். "யம்மா. எங்க வண்டிக்கும் உங்க சாலமோன செய்யச் சொல்லுங்கக்கா. உங்களுக்குக் கோடி புண்ணியம். எங்க அத்தைக்கு நெஞ்சு வலி வந்துகினே கீது, தள்ள முடியல." பிறகு மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். "நாஷ்டாவுக்கு ஊறுகா போடலாம்னு வெச்சிருந்தேன். இன்னாக்கா நீங்க, புதுச் சக்கரம் போட்டுகினு பூஜ பண்ணாம ஓட்றீங்க?"

கெங்கம்மாள் வேண்டாம் என்று சொல்வதற்குள் பழத்தைச் சக்கரத்தின் முன்னால் வைத்து, வண்டியை உருட்டிவிட்டாள். பழம் பிதுங்கி, விதை தெறித்து, புளித்த வாசனை வெயிலில் எழுந்தது. சின்னப்பொண்ணு கைதட்டினாள்.

அந்த வாசனை மூக்கில் ஏறியதும், கெங்கம்மாளுக்கு போன வருஷம் நினைவுக்கு வந்தது. டிராலியின் முன்னால் கற்பூரத் தட்டோடு இருந்த கலியனின் முகம் கண்முன் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். ஆபீஸ் வராந்தாவில் மேஸ்திரி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவருடைய முகம் இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

சின்னப்பொண்ணு போன பிறகு கெங்கம்மாள் மெல்லச் சொன்னாள். "யக்கா. நாம இத்தக் கஷ்டப்பட்டு இழுக்கணும்."

"இன்னாடீ உளர்ற?"

"ஒருத்தி இழுத்தா வருது யக்கா. அந்தாளு கண்ணுல பட்டா, ரெண்டு பேரு எதுக்குன்னு கேப்பான்."

ஞானம்மா சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை. வண்டியையும் மேட்டையும் வராந்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "மண்ண அள்ளிச் சக்கரக் குடத்துல போட்டுடலாமா?"

"வாணாம். அந்தப் பையன் ஞாயித்துக்கெழம பூரா குந்திகினு செஞ்சது."

அதன்பின் அவர்கள் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். புது ஷெட்டின் பின்னால் கருங்கல் ஜல்லி போக மிஞ்சிய பெரிய கற்கள் கிடந்தன. இரண்டு பீப்பாய்களுக்கும் இடையில், கைக்கு அடங்காத கற்களாகப் பார்த்து அடுக்கி, மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடினார்கள். வண்டி பழையபடி கனத்தது. ஆனாலும் பழைய கனம் இல்லை. மீதியை உடம்பால் நடித்தார்கள். கெங்கம்மாள் முதுகை வளைத்தாள். ஞானம்மா மேட்டில் ஏறும்போது, சத்தம் போட மறந்துவிட்ட சக்கரத்துக்காகத் தானே முனகினாள்.

"இன்னா, சத்தத்தக் காணோம்?" என்று மேஸ்திரி ஒருநாள் கேட்டார்.

"எண்ண போட்டோம் மேஸ்திரி. கத்தறத உட்டுச்சு, கனம் மட்டும் கொறையல."

"உனக்கு எண்ண போட்டாலும் வாய் கொறையாது."

அவர் போன பிறகு ஞானம்மா முனகுவதைத் தொடர்ந்தாள். கெங்கம்மாள் சிரித்துக்கொண்டே சாக்கை இழுத்துக் கற்களை நன்றாக மூடினாள். நாள் முழுவதும் கல்லைச் சுமந்து திரிந்ததில், பழைய சக்கரத்தோடு வீடு திரும்பிய நாட்களில் இருந்த வலியே இடுப்பில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே ஒரு மாறுதல்: கன்றுகள் துளிர்த்தன. மயில்கொன்றைகளின் நுனியில் பச்சை இறகைப் போலப் புது இலைகள் விரிந்தன. விழாவுக்கு இன்னும் சில வாரங்கள். விழா முடியும் வரையில் தாங்கினால், அப்புறம் மழை வந்துவிடும். மழைக்காலத்தில் களை எடுக்க எப்படியும் இரண்டு பேர் வேண்டும். கெங்கம்மாள் அந்த அளவுக்குத்தான் யோசித்தாள். வண்டியை இழுக்கும்போது எப்படி இழுப்பது என்பதில் அவள் கண்ணும் கருத்துமாக இருந்தாள். நிறுத்தும்போது எப்படி நிறுத்துவது என்பது நினைவிலேயே இல்லை. சமதளத்தில் நிறுத்திய நாட்களில் அதனால் ஒன்றும் நேரவில்லை. மேட்டில் நிறுத்தும்போது, பூச்செடிப் பாத்தியின் செங்கல் விளிம்பில் சக்கரம் தற்செயலாக முட்டிக்கொண்டு நின்றதையும் அவர்கள் கவனித்ததில்லை.

விழாவுக்காக அந்தச் செங்கல் விளிம்பைப் பெயர்த்துவிட்டு, வெள்ளையடித்த புது விளிம்பை ஓர் அடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள்.

மறுநாள் பிற்பகல். பூப்பாத்திக்கு ஊற்றிப் பீப்பாய்களைக் காலி செய்துவிட்டு, வண்டியை எப்போதும் விடுகிற இடத்தில் விட்டுவிட்டு, இருவரும் ஆபீஸ் சுவரின் நிழலில் உட்கார்ந்தார்கள். ஞானம்மா, தன் மாமியார் நேற்றுக் கஞ்சியைத் துப்பிவிட்டு மீன் கேட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் வண்டியின் பக்கம் பார்த்தபடிதான் இருந்தாள். முதலில் தன் கண்தான் அசைகிறதோ என்று நினைத்தாள். வண்டி அசைந்தது. படுத்திருந்த மாடு எழுந்து, எங்கே போகலாம் என்று யோசித்துவிட்டு நடப்பதைப் போல, அது அவசரமில்லாமல் சரிவில் இறங்கிற்று.

சத்தமே இல்லை. அதனால்தான் கீழே குடையை விரித்துக்கொண்டு மேட்டில் ஏறிவந்த மேஸ்திரி அதை முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபோது அது அவருக்கு ஐந்தாறு அடி முன்னால் வந்துவிட்டது. அவர் ஒதுங்கவில்லை. குடை இல்லாத கையை நீட்டினார். வண்டி அவருடைய உள்ளங்கையில் வந்து முட்டி, நின்றது.

கெங்கம்மாள் ஓடினாள். கால் தரையில் பாவவில்லை.

மேஸ்திரி அவளைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அதே கையால் அதை மேட்டின் மேலே தள்ளினார். சற்றுத் தூரம் போனது. நிறுத்தி, பாத்தியின் புது விளிம்பில் சக்கரத்தை முட்டக்கொடுத்துவிட்டு, சாக்கைத் தூக்கினார்.

"இன்னா இது?"

பின்னால் மூச்சிரைக்க வந்த ஞானம்மாதான் சொன்னாள். "பாத்தி கட்டறதுக்கு, மேஸ்திரி."

"பாத்தி கட்டியாச்சே."

அவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். கற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாலையோரத்தில் வைத்தார். அந்த மனிதர் அவர்களுக்குத் தெரிந்து அத்தனை நாளில் கையால் செய்த வேலை அது ஒன்றுதான். வண்டி காலியானதும், பிடியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அது மேட்டில் அவரோடு ஏறியது. உச்சியில் நின்று, குனிந்து, சக்கரத்தின் நடுவில் புதுப் புஷ்ஷைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வேல. யாரு செஞ்சது?"

"எங்க அக்கா மவன்" என்றாள் ஞானம்மா. சொல்லும்போது, தன்னை அறியாமல் அவளுடைய தலை நிமிர்ந்துவிட்டது.

"கைராசிக்காரன்." அவர் கையிலிருந்த கிரீஸை வண்டியின் சாக்கில் துடைத்துக்கொண்டார். "இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு? நாளையிலேருந்து ஒரு ஆளு போதும். யாருன்னு நீங்களே பேசிக்கினு வந்து சொல்லுங்க. நான் சொன்னா அந்தப் பாவம் எனக்கு வரும்."

அன்று மாலை அவர்கள் வழக்கம்போலச் சேர்ந்தே ரெட்டம்பேட்டுச் சாலையில் நடந்தார்கள். எதைப் பற்றியெல்லாமோ பேசினார்கள். பழவேற்காட்டு மீன் இப்போது ஏன் இவ்வளவு விலை என்று பேசினார்கள். செல்லியம்மாளின் நெஞ்சு வலிக்குத் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் காட்டலாமே என்று பேசினார்கள். பிரிய வேண்டிய புளியமரத்தடி வந்தது.

"வரேன்டீ கெங்கா. கெழவி கத்திகினு இருக்கும்."

"சரி யக்கா."

கலியனிடம் கெங்கம்மாள் சொன்னாள். அவன் "எலுமிச்சம்பழம் வெச்சீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் அவள் சைரனுக்கு வெகு முன்னதாகவே ஆலை வாசலுக்கு வந்தாள். வழியெல்லாம் ஒரே நினைப்புத்தான் அவளைத் துரத்தியது: ஞானம்மா வராமல் இருந்துவிட்டால். கிழவிக்கு உடம்புக்கு ஆகாமல், இல்லையென்றால் வேறு எதனாலாவது, அவளாகவே வராமல் இருந்துவிட்டால். அந்த நினைப்பை அவள் தள்ளத் தள்ள, அது எண்ணெய் போட்ட சக்கரத்தைப் போலத் திரும்பத் திரும்ப உருண்டு வந்தது. வாசலை நெருங்கியபோது பார்த்தாள். மதில் ஓரமாக, வேலை கேட்டுக் குந்தியிருந்தவர்களுக்கு நடுவே, ஞானம்மா உட்கார்ந்திருந்தாள். தூக்குச்சட்டி மடியில் இருந்தது. அவளும் சீக்கிரமாகவே வந்துவிட்டாள்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கெங்கம்மாள் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சாப்ட்டியாடீ?"

"ஆச்சு யக்கா."

மேஸ்திரி வந்தார். "இன்னா, பேசிட்டீங்களா?"

ஞானம்மா மடியிலிருந்த தூக்குச்சட்டியின் மூடியைத் திருகினாள். சடையப்பன் பெரிய கதவில் இருந்த சிறு திட்டிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தான்.

"சரி, நானே சொல்றேன். கெங்கம்மா, நீ சின்னவ. நீ உள்ள போ." பிறகு ஞானம்மாவின் பக்கம் திரும்பினார். அவருடைய குரல் கொஞ்சம் இளகிற்று. "உன்ன நான் உட்டுடுவேனா? பின்னாடி ஷெட்டுல இன்னொரு வண்டி கீதே, மாமியாளும் மருமவளும் தள்ளறது. அதுவும் இதே கதிதான். அந்தச் சக்கரத்தையும் உங்க அக்கா மவன்கிட்ட குடுத்து, இது மாதிரியே செஞ்சு எடுத்துகினு வா. அப்புறம் அந்த வண்டிய நீ ஒருத்தியே தள்ளிக்கினு இரு. இன்னா சொல்ற?"

ஞானம்மா எழுந்து நின்றாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்துக்கொண்டாள். அவளுடைய உதடு அசைந்தது. கெங்கம்மாளை அப்போதுதான் பார்த்தாள்.

"நான் முடியாதுன்னா, வேற எவன்கிட்டயாவது குடுத்துச் செஞ்சிடுவான்டீ" என்றாள். அது கேள்வியைப் போல இருந்தது. கெங்கம்மாள் திட்டிக்கதவில் குனிந்து உள்ளே போனாள்.

அவள் கிணற்றில் சேந்தி, பீப்பாய்களை நிரப்பி, வண்டியைத் தனியாக இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். ஏறியது. உச்சியில் நிறுத்திவிட்டு, மேஸ்திரி நேற்று ஓரமாக எடுத்துவைத்த கற்களில் ஒன்றைத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் கொடுத்தாள். காலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கினாள். வண்டி நின்றது.

மேட்டின் மேலிருந்து பார்த்தால் பின்ஷெட் தெரியும். அங்கே இன்னொரு வண்டி சக்கரமில்லாமல் கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில், செல்லியம்மாள் நெஞ்சைத் தடவிக்கொண்டு, நிழலில் ஓய்வாக உட்கார்ந்திருந்தாள். ஞானம்மா குனிந்து நின்று, சேலைத் துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தாள். சின்னப்பொண்ணு சிரித்துக்கொண்டே, தேய்ந்துபோன சக்கரங்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி, ஆடாமல் பார்த்து, அவளுடைய தலையில் ஏற்றிவிட்டாள். பிறகு அச்சை எடுத்து அவளுடைய கையில் கொடுத்தாள். ஞானம்மா அதைத் தடியைப் போல ஊன்றிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"பத்திரமா எடுத்துகினு போக்கா. சக்கரம் வந்ததும் நானே எலுமிச்சம்பழம் வாங்கியாறேன்" என்று சின்னப்பொண்ணு பின்னாலிருந்து சொன்னது மேடு வரையில் கேட்டது.